இடைகழி மொழி



தமிழ் கற்க வந்த சமயத் தொண்டர்களைப் பற்றித் தமிழுலகம் நிறையவே பேசியிருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, மணலில் எழுத்துப் பழகும் சிறுவர்களோடு தாமும் அமர்ந்து அகரம் பயின்ற செய்தி பள்ளி மாணவர்க்கும் தெரியும். வீரமாமுனிவர் வந்த மொழியிலேயே காப்பியம் பாடும் அளவுக்கு உயர்ந்ததை விரித்துரைக்க வேண்டுவதில்லை. புதுச்சேரியில் தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்த மூசே, துய்ப்புய் ஆகிய குருமாரும் அவ்வரிசையில் வருபவர்களே. இவர்களைப் பற்றிய சித்திரங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. கற்பவர் தனியாளாக இருக்கிறார். பெரும்பாலோர் துறவியர். சீகன்பால்கு கூடத் தமிழில் தேர்ந்து பல ஆண்டுகள் சென்றபின், 1716இல்தான் மணம் புரிந்தார். சுவடி புரட்டும் கையருகே பசித்தழும் குழந்தை ஒன்று இருந்ததாக எந்த வரலாற்றிலும் காணோம்.

இன்றைய உரை அக்குழந்தையும் இருக்கும் வீட்டைப் பற்றியது. ஆப்பிரிக்க நாடு ஒன்றில் மருத்துவம், கல்வி, சமயப் பணி ஆகியவற்றுக்கெனப் புறப்படும் புராட்டஸ்டன்ட் குடும்பம், மனைவி மக்களோடு முதலில் பிரான்சிலோ பெல்ஜியத்திலோ ஓராண்டு தங்கிப் பிரெஞ்சு கற்கிறது. நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கம் இது. தொண்டர் வரலாறுகள் இவ்வாண்டை ஒற்றை வரியில் கடந்துவிடுகின்றன: “பிரெஞ்சு பயின்றபின் பணித்தளம் சென்றார்.” அவ்வரிக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதே இங்கே ஆராயத்தக்கது.

திருக்கோவலூர் இடைகழியை எல்லோரும் அறிவர். மழை இரவு, ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே உள்ள இடம். வாசலுக்கு உள்ளே, வீட்டுக்கு வெளியே அமைந்தது இடைகழி. இக்குடும்பங்களுக்குப் பிரெஞ்சு அத்தகைய இடைகழி மொழி. அது அவர்கள் பிறந்த மொழியன்று. சென்று சேர விரும்பும் மக்களின் மொழியும் அன்று. இரண்டுக்கும் நடுவே ஓராண்டு நெருக்கியடித்து நிற்க வேண்டிய மொழி.

நிற்க வேண்டியது ஏன்? காரணம் ஆட்சி. காபோன் ஆற்றுக் கழிமுகத்தில் அமெரிக்கர்கள் 1842இலேயே பணி தொடங்கி, அங்குள்ள மக்களின் மொழிகளைக் கற்று, அம்மொழிகளில் நூல்களும் அச்சிட்டவர்கள். பிரெஞ்சு ஆட்சி வேரூன்றிப் பள்ளிகளில் பிரெஞ்சு வேண்டும் என்று வற்புறுத்தியபோது அவர்கள் திகைத்தனர். 1890களின் தொடக்கத்தில் ஒகோவே ஆற்றங்கரை நிலையங்களைப் பாரிஸ் சங்கத்திடம் ஒப்படைத்து விலகினர். அவ்வாறு கைமாறிய நிலையங்களுள் ஒன்றாகிய லாம்பரேனேக்குத்தான் 1913இல் ஆல்பர்ட் சுவைட்சர் வந்தார்.

மடகாஸ்கரின் கதை இன்னும் கசப்பானது. இலண்டன் சங்கத்தார் அத்தீவில் 1818இல் அடியெடுத்து வைத்து, 1835இல் முழு விவிலியத்தையும் மலகாசி மொழியில் அச்சிட்டு முடித்தவர்கள். 1896இல் பிரான்சு தீவைத் தன் ஆட்சிப் பகுதியாக்கிக்கொண்டதும் பள்ளிகளில் பிரெஞ்சு கட்டாயமாயிற்று. மக்களின் மொழியில் கனவு காணும் அளவுக்குத் தேர்ந்திருந்தவர்கள், நரைத்த தலையோடு, ஆள்பவரின் மொழிக்கு அரிச்சுவடி எடுத்தார்கள். பெல்ஜியக் காங்கோவில், இரண்டாம் உலகப் போர் முடியும்வரை பள்ளிக்கான அரசு மானியம் கத்தோலிக்க சங்கங்களுக்கே கிடைத்துவந்தது. 1940களின் இறுதியில் அது புராட்டஸ்டன்ட் பள்ளிகளுக்கும் வாய்த்தபோது, தகுதி பெற்ற ஆசிரியர் வேண்டும், பிரெஞ்சு வேண்டும் என்ற நிபந்தனைகளும் உடன் வந்தன. ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் பிரஸ்ஸல்ஸ் நகரில் வாடகை வீடு தேடி அலைந்தது இக்காலத்தில்தான்.

பிற்காலத்தில் இத்தகைய குடும்பங்கள் கூடிப் பயின்ற ஊர்களுள் ஒன்று சவோய் மலைநாட்டின் அல்பேர்வில். 1992இல் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்த ஊர் என்று பலர் நினைவுகூரலாம். அர்லி ஆறு இசேர் ஆற்றோடு கலக்குமிடம், மேட்டின்மேல் கோன்ஃபிளான் என்னும் இடைக்காலக் குடியிருப்பு, சுற்றிலும் மலை. ஊரின் பெயரே சார்டீனிய மன்னர் சார்லஸ் ஆல்பர்ட்டின் பெயர். சவோய் முழுமையும் 1860இல்தான் பிரான்சோடு இணைந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நாடு மாறிய மண்ணில் அமர்ந்து, வேற்று நாட்டார், இன்னொரு கண்டத்துக்காகப் பிரெஞ்சு படித்திருக்கிறார்கள்.

அத்தகைய வீடு ஒன்றை மனத்தில் எழுதிப் பார்க்கலாம். தந்தை சொந்த ஊரில் மருத்துவர். பலர் எழுந்து நின்று வணங்கியவர். இங்கே ரொட்டிக்கடையில் நுழைந்து நேரே தமக்கு வேண்டியதைக் கேட்கிறார். கடைக்காரப் பெண்மணியின் முகம் இறுகுகிறது. கேட்ட சொற்களில் பிழையில்லை. முதலில் ‘போன்ஜூர்’ சொல்லவில்லை, அவ்வளவுதான். பிரான்சில் கடைக்குள் நுழைபவர் வணக்கம் கூறாமல் பொருள் கேட்பது, செருப்போடு பூசையறைக்குள் வருவதற்குச் சற்றே குறைந்த குற்றம். இதனை அவர் உணர ஒரு மாதம் ஆகிறது. ஐந்து வயது மகளோ பள்ளி சென்ற முதல் வாரத்திலேயே அறிந்துகொண்டாள்.

பிறகு எண்கள். எழுபத்தொன்பதைப் பிரெஞ்சுக்காரர் அறுபதும் பத்தும் ஒன்பதும் என்பார்கள். தொண்ணூற்றேழு நாலிருபதும் பத்தும் ஏழும் ஆகும். தொலைபேசி எண்களையோ இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வது அவர்கள் வழக்கம். சவோய்ப் பகுதி எண்கள் பல 04 79 என்று தொடங்கும். ஆதலின் அங்கே அத்தகைய எண்ணைக் குறித்தால் இரண்டாம் அடியிலேயே தடுக்கி விழ வேண்டியதுதான். மலைக்கு அப்பால் சுவிட்சர்லாந்திலும், பெல்ஜியத்திலும், காங்கோவிலும் எழுபதுக்குத் தனிச்சொல் உண்டு. பாடுபட்டுக் கற்றதை அங்கே போய் மறக்க வேண்டும். ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் விதி வகுக்க வேண்டியிருந்ததை நினைத்தால், பிரெஞ்சுக்காரரைக் கேலி செய்யும் உரிமை தமிழர்க்கு இல்லை எனலாம்.

தாயின் நிலை வேறு. பல சங்கங்களில் நெடுங்காலம் மனைவி உதவியாளராகவே கருதப்பட்டார். படிப்பு மணி கணவருக்கு முழுமை, அவருக்கு மிச்சம். இருவரும் சமமாகக் கற்க வேண்டும் என்ற முறை வந்த பின்னும் வீட்டுவேலை சமமாகப் பங்கிடப்படவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எவர் வகுப்பைத் தவறவிடுவார் என்று கேட்கவே வேண்டியதில்லை. புதன்கிழமை தோறும் இடர் ஒன்று வரும்: தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் அன்று விடுமுறை. வாரத்தின் நடுவே இவ்விடுமுறை எதற்கு என்று சலித்துக்கொள்ளும் அத்தாய் அறியாத செய்தி ஒன்று உண்டு. பள்ளியைச் சமயச் சார்பற்றதாக்கிய 1882ஆம் ஆண்டுச் சட்டமே, பெற்றோர் விரும்பினால் பள்ளிக்கு வெளியே சமயக் கல்வி அளித்துக்கொள்ளட்டும் என்று வாரத்தில் ஒருநாளை விட்டுவைத்தது. முதலில் வியாழனாக இருந்த அந்நாள் 1972இல் புதனாயிற்று. சமயப் பணிக்குப் புறப்பட்ட பெண்ணின் வகுப்பைக் கெடுத்தது, சமயக் கல்விக்கென விட்ட நாள்!

ஆயினும் அவர் கற்ற பிரெஞ்சு ஒன்று உண்டு. அதனை எந்தப் பாடநூலும் தராது. பள்ளியிலிருந்து குறிப்பேட்டில் ஒட்டிவரும் துண்டறிக்கையை அகராதி வைத்துக்கொண்டு நள்ளிரவில் எழுத்துக் கூட்டுகிறார். ஏதோ பெரிய விழா அழைப்பு என்று எண்ணியது, இறுதியில், வகுப்பில் பேன் பரவுகிறது, தலையைப் பாருங்கள் என்னும் எச்சரிக்கையாக விடிகிறது. காய்ச்சல், இருமல், பேன், சந்தைக்கடைப் பேரம், பள்ளி வாயிலில் காத்திருக்கும் பிற தாயரின் ஓயாப் பேச்சு என்று அவர் மொழி வளர்கிறது. தந்தை துணையெச்ச வினைவடிவங்களைப் பிழையின்றி எழுதித் தேர்வில் மேம்படுவார். மருத்துவமனை வராந்தாவில் அழும் தாயிடம் பேச, இவ்விருவர் பிரெஞ்சில் எது உதவும் என்பதைச் சங்கங்களின் மதிப்பெண் பட்டியல் ஒருநாளும் அளந்ததில்லை.

இனி, அந்த மகள். புதுமொழிப் பள்ளியில் விடப்பட்ட குழந்தைகள் பலர் சில வாரங்கள், சிலர் பல மாதங்கள், வாய் திறப்பதில்லை. மொழி கற்றலை ஆராய்வோர் இதனை மௌனப் பருவம் என்பர். வீட்டில் கிளிபோல் பேசும் குழந்தை வகுப்பில் ஊமையாய் அமர்ந்திருப்பதை ஆசிரியர் சொல்லக் கேட்கும் பெற்றோர்க்கு, தாம் மேற்கொண்ட பணியின் மீதே முதல் ஐயம் எழுவது இவ்விடத்தில்தான். அழைப்பு அவர்களுக்கு வந்தது. குழந்தையை எவரும் அழைக்கவில்லை. இதற்கு விடை சொல்லக்கூடிய இலக்கணம் எதுவுமில்லை.

பின்னர் ஒருநாள் அணை உடைகிறது. குழந்தை பேசத் தொடங்கியபின் வீட்டின் வரிசை தலைகீழாகிறது. மேசை பெண்பால் என்று தந்தையைத் திருத்துகிறாள். ‘மேலே’ என்னும் சொல்லுக்கும் ‘கீழே’ என்னும் சொல்லுக்கும் இடையே உள்ள உயிரொலி வேறுபாடு அவருக்குக் காதில் விழவே விழாது. நமக்கு ழகரத்தில் இடறும் வேற்றுமொழியாளரைப் போல அவர் மேலே என்று கருதிக் கீழே என்கிறார். மகள் சிரிக்கிறாள். சேர்ந்து சிரிக்கத் தெரிந்த தந்தை இடைகழியைக் கடந்துவிடுகிறார். சிரிப்பை அடக்கச் சொல்பவர், பிரெஞ்சை எவ்வளவு கற்றாலும், பிறரிடம் கற்கும் நிலையைக் கற்காமலே கப்பலேறுகிறார். மருத்துவரிடமும் நகராட்சி அலுவலகத்திலும் குழந்தையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவது எளிது. பெற்றோரின் நோயையும் பணமுடையையும் சிறுவாய் வழியே சொல்ல வைப்பது கொடிது என்பதைப் பலர் தாமதமாகவே உணர்கின்றனர்.

முன்னிலைச் சொல் பற்றி இவ்வவையில் கூறாதிருக்க முடியாது. ஆங்கிலத்தில் எவரையும் விளிக்க ஒரே சொல். பிரெஞ்சில் நெருக்கத்துக்குத் ‘தூ’, மதிப்புக்கு ‘வூ’. தமிழர்க்கு இது பாலர் பாடம். நீ, நீர், நீங்கள் என்று மூன்றைக் கையாண்டு வளர்ந்தவர்கள். ஆங்கிலக் குடும்பமோ அண்டை வீட்டு மூன்று வயதுப் பையனைத் ‘தாங்கள்’ என்றழைத்து, நகராட்சி அதிகாரியை ‘நீ’ என்று விளித்து நாணும். இறைவனை விளிக்கையில் சிக்கல் ஆழமாகிறது. பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகள் கடவுளைத் ‘தூ’ என்று அழைத்துவந்தவர்கள். கத்தோலிக்கர் இயேசு கற்பித்த மன்றாட்டில் ‘வூ’ என்றே சொல்லிவந்து, 1966இல் பொதுமொழிபெயர்ப்பு ஏற்கப்பட்டபோது ‘தூ’வுக்கு மாறினர். ஆழ்வாரும் நாயன்மாரும் உரிமையோடு ‘நீ’ என்றிருக்க, தமிழ் விவிலியம் ‘நீர்’ என்பதைத் தேர்ந்துகொண்டதை இங்கே ஒப்பிட்டு நோக்கலாம்.

உணவு மேசையில் பிரெஞ்சில் மன்றாடுவோம் என்று அக்குடும்பம் முடிவு செய்கிறது. மகள் தடையின்றிச் சொல்கிறாள். தந்தை மனப்பாடமாகச் சொல்கிறார். தாயின் முறை வரும்போது, நோயுற்ற தம் தாயாரைப் பற்றி வேண்டத் தொடங்கி, இறந்தகாலத்துக்கும் எதிர்காலத்துக்கும் நடுவே வினை கிட்டாமல் நின்றுவிடுகிறார். துயரத்தைச் சொல்லச் சொல்லில்லாத நிலையைக் கவிஞர்கள் உவமையாகப் பாடுவதுண்டு. அவருக்கு அது உவமையன்று.

அவருக்கு மொழியை உண்மையில் திறந்துவிட்டது ஒரு செய்யுள் ஏடு. பிரெஞ்சுத் தொடக்கப் பள்ளிகளில் மாணவர் ஒவ்வொருவரும் கவிதைக்கெனத் தனி ஏடு வைத்திருப்பது நீண்டகால வழக்கம். ஒரு பக்கத்தில் கவிதையைக் கூட்டெழுத்தில் படியெடுப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் அதற்குப் படம் வரைவார்கள். மனப்பாடம் செய்து வகுப்பின்முன் நின்று ஒப்பிப்பார்கள். அந்த ஏட்டின் தாளே பார்க்கத் தக்கது. எட்டு மில்லிமீட்டர்க் கட்டத்துக்குள் மூன்று மெல்லிய குறுக்குக் கோடுகள். எழுத்து எந்தக் கோட்டைத் தொட வேண்டும், எதைத் தாண்டக் கூடாது என்பதற்கெல்லாம் முறை உண்டு.

ஒருநாள் மகள் லா ஃபோன்தேனின் காகமும் நரியும் கதைப்பாட்டைக் கொண்டுவருகிறாள். 1668இல் வெளிவந்த தொகுப்பில் உள்ளது; பிரான்சில் அதை அறியாதார் இல்லை. நம் காகத்தின் வாயில் வடை. அவர்கள் காகத்தின் வாயில் பாலாடைக்கட்டி. மகள் ஒப்பிக்க, பாத்திரம் கழுவிக்கொண்டே தாயும் உடன் சொல்லிப் பழகுகிறார். பேச்சுவழக்கிலிருந்து மறைந்த வினைவடிவங்கள் அப்பாட்டில் உண்டு. பெரியவர் வகுப்பில் அவை இன்னும் வரவில்லை. ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் வாயில் பதினேழாம் நூற்றாண்டு இயல்பாக நடமாடுகிறது.

இன்னொரு நுட்பமும் அவருக்குப் புலப்படுகிறது. சொல்லீற்றில் எழுதப்பட்டும் பேச்சில் விழுங்கப்படும் ஓர் எகரம் பிரெஞ்சில் உண்டு. செய்யுளிலோ, அடுத்து மெய்யெழுத்து வருமாயின் அவ்வொலி ஓர் அசையாக எண்ணப்படும். அதை விட்டுவிட்டால் அடி குறைபடும். தளை சிதையும் இடத்தில் குற்றியலிகரமும் குற்றியலுகரமும் அலகு பெறா என்று யாப்பருங்கலக்காரிகையில் பயின்றவர்க்கு இது வியப்பூட்டும். அரைகுறையாய் ஒலிக்கும் உயிரை நாம் அடியைக் காக்க எண்ணாது விடுகிறோம். அவர்கள் அடியைக் காக்க எண்ணிச் சேர்க்கிறார்கள். தாய் அந்த எகரத்தை விழுங்கிச் சொல்லும்போதெல்லாம் மகள் விரல்விட்டு எண்ணி, ஒன்று குறைகிறது என்கிறாள். இலக்கண வகுப்பு பல மாதம் கற்பித்தும் வராத செவி, கழுவு தொட்டியருகே வந்து சேர்கிறது.

இக்குடும்பங்கள் இறுதியில் சென்று சேர்ந்த இடங்களில் பிரெஞ்சு எவ்வளவு பயன்பட்டது? அமெரிக்க மருத்துவர் பால் கார்ல்சனின் வரலாறு நினைக்கத்தக்கது. காங்கோ விடுதலை பெற்ற மறுஆண்டு, 1961இல், சில மாதங்கள் அங்கே பணிபுரிந்து திரும்பியவர்; பின்னர் மனைவி லோயிஸ், குழந்தைகள் இருவர் ஆகியோருடன் பிரான்சில் பிரெஞ்சு பயின்று, 1963இல் வடகாங்கோவின் வாசோலோ சிற்றூரை அடைந்தார். அலுவலகத் தாள்களுக்குப் பிரெஞ்சு இருந்தது. நோயாளிகளோ அவரை லிங்காலா மொழியில் ‘மொங்கங்கா’ என்றார்கள். மருத்துவர் என்பது பொருள். மறுஆண்டு செப்டம்பரில் கிளர்ச்சியாளர் நெருங்கியபோது மனைவி மக்களை உபாங்கி ஆற்றுக்கு அப்பால், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்குச் சேர்ப்பித்துவிட்டு, தாம் நோயாளிகளிடம் திரும்பினார். உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்ட அவர், 1964 நவம்பர் 24 அன்று, இன்று கிசங்கானி எனப்படும் ஸ்டான்லிவில் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1966இல் லோயிஸ் எழுதிய நூலின் பெயர் ‘மொங்கங்கா பால்’. கணவரின் நினைவுக்கு அவர் சூட்டியது ஆங்கிலப் பட்டமும் அன்று, ஓராண்டு பாடுபட்டுக் கற்ற பிரெஞ்சும் அன்று. கிராமத்தார் அழைத்த சொல்.

இடைகழியும் இப்போது இடம் மாறுகிறது. ருவாண்டா 2008இல் பள்ளிக் கல்வியைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்ப முடிவு செய்தது. மாலி நாடு 2023இல் ஏற்ற புதிய அரசியலமைப்பில் பிரெஞ்சு ஆட்சிமொழி என்னும் தகுதியை இழந்து, அலுவல் நடத்தும் மொழி என்ற அளவுக்குத் தாழ்ந்தது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் சாங்கோ 1991 முதல் பிரெஞ்சோடு ஒத்த ஆட்சிமொழித் தகுதி பெற்றுவிட்டது. நூறாண்டுக்கு முன் மடகாஸ்கரில் நரைத்த தலையோடு அரிச்சுவடி எடுத்தவர்கள் இதைக் காண இல்லை.

ஓராண்டு முடிகிறது. மகளுக்கு இப்போது பிரெஞ்சில்தான் சண்டை போட வருகிறது. உறக்கத்தில் பேசினாலும் அம்மொழியே. தோழியர் இருவர், ஒரு பூனை, ஆற்றோரப் பாதை எல்லாம் அம்மொழிக்குள் இருக்கின்றன. அவளுக்கு அது இடைகழி என்று எவரும் சொல்லவில்லை. வீடென்று எண்ணிக் குடிபுகுந்துவிட்டாள். 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலறிஞர் ரூத் ஹில் யூசீம், பெற்றோரின் பண்பாட்டிலும் சேராது, வாழும் நாட்டின் பண்பாட்டிலும் சேராது வளரும் இத்தகையோரை ‘மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்’ என்று பெயரிட்டார். பெயரிட்டதால் பாரம் குறைவதில்லை. சாங்கோ பேசும் ஊரில் அவள் மறுபடியும் வாய்மூடி அமரப்போகும் வாரங்களைத் தாய் இப்போதே எண்ணத் தொடங்குகிறார்.

பெட்டி கட்டும் நாள். விமானத்துக்கு எடைக் கணக்கு உண்டு. தந்தை மருத்துவ நூல்களையும் பெரிய அகராதியையும் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்து, அகராதியை எடுத்துவைக்கிறார். செய்யுள் ஏட்டில் பாதிப் பக்கங்கள் இன்னும் வெற்றுத்தாள். அதை இங்கேயே விட்டுவிடலாம் என்கிறார். தாய் மறுமொழி சொல்லாமல் அதனை வாங்கி, காகத்துக்கு மகள் மூன்று கால் வரைந்திருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, தம் சால்வைக்குள் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்கிறார்.